பிறசமயத்தார் தலத்தில் கிறிஸ்தவ ஊழியர்: சியோல் நகரப் பொங்உன்சா மடத்தை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

பிறசமயத்தார் வழிபடும் தலத்திற்குள் கிறிஸ்தவ ஊழியர் ஒருவர் செல்லலாமா, சென்றால் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது இறையியல் மாணவர்கள் ஆண்டுதோறும் எழுப்பும் வினாவாகும். இதற்கு இருவகை விடைகள் எளிதிற் கிடைக்கின்றன. விக்கிரகம் உள்ள இடத்தில் விசுவாசிக்கு வேலையில்லை என்பர் ஒரு சாரார். எல்லாச் சமயங்களும் ஒன்றையே கூறுகின்றன, ஆகவே தயக்கத்திற்கே இடமில்லை என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் அத்தலத்திற்குள் சென்று பாராமலேயே விடை கூறிவிடுகின்றனர் என்பதே நம் மனக்குறை.

தென்கொரியத் தலைநகரான சியோலில் உள்ள பொங்உன்சா என்னும் பெரிய பௌத்த மடத்தைச் சில காலத்திற்கு முன்னர் நாம் சென்று பார்த்தோம். நம்மைப் போன்ற கிறிஸ்தவர்கள் 2010-ஆம் ஆண்டில் அம்மடத்தினுள் செய்த செயல் ஒன்று கொரியத் திருச்சபையை இன்றளவும் சிந்திக்க வைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் மடத்தை ஓரளவு விளக்கி, பின்னர் அச்செயலைத் திருமறையின் ஒளியில் ஆராய்ந்து, ஊழியர்க்குப் பயன்படும் சில முடிவுகளை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மடமும் மாநகரும்

சியோல் நகரை ஊடறுத்து ஓடுவது ஹான் ஆறு. அதன் தென்கரைப் பகுதிக்குக் கங்நாம் என்று பெயர். ஆற்றுக்குத் தெற்கு என்பதே அதன் பொருள். 1970-ஆம் ஆண்டுகளுக்கு முன்னர் வயலும் தோட்டமுமாய் இருந்த இப்பகுதி, இன்று வானளாவும் அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த செல்வச் செழிப்புள்ள நகரமாகத் திகழ்கிறது. இங்கே சூதோ என்னும் சிறு குன்றின் சரிவில் மடம் அமைந்துள்ளது. எதிரே சாலையைக் கடந்தால் பெரிய பொருட்காட்சி மண்டபமும் நிலத்தடி அங்காடியும் உள்ளன.

மடம் சில்லா அரசின் காலத்தில், 794-ஆம் ஆண்டில் வேறொரு பெயருடன் நிறுவப்பட்டது என்பது மரபு. 1498-இல் அரசர் சொங்ஜொங்கின் கல்லறைக்கு உரிய மடமாக அவருடைய அரசியாரால் விரிவாக்கப்பட்டு இன்றைய பெயரைப் பெற்றது. பொங் என்பது பணிந்து போற்றுதல். உன் என்பது அருள். சா என்பது மடம். கொரியத் திருமறையில் கடவுளின் கிருபையைக் குறிக்க வழங்கும் உன்ஹ்யே என்ற சொல்லின் முதற்பகுதியும் இதே உன்தான். மொழி அளவில் நோக்கினால், நம் சகோதரர் கிருபை என்று சொல்லும்போது வாயில் வரும் எழுத்து மடத்தின் வாயிலிலும் எழுதப்பட்டுள்ளது.

1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோசொன் அரசு கன்பூசிய நெறியைத் தழுவியதால் பௌத்தம் ஒடுக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முன்ஜொங் அரசியார் ஆதரவளித்த சில ஆண்டுகள் விதிவிலக்குகளுள் ஒன்று. 1551-இல் இம்மடம் தியானநெறிப் பௌத்தத்தின் தலைமை மடமாக உயர்ந்தது; துறவிகளுக்கான தேர்வுகளும் மீண்டும் நடைபெற்றன. 1565-இல் அரசியார் மறைந்ததும், அவருக்குத் துணைநின்ற போஊ என்னும் துறவி ஜெஜு தீவுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். ஒடுக்குமுறை மீண்டும் தொடர்ந்தது.

பௌத்தத் துறவிகள் தலைநகரின் மதிலுக்குள் நுழைவதற்கு இருந்த தடை 1895-இல்தான் நீங்கிற்று. 1885-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளன்று சீர்திருத்தச் சபை அருட்பணியாளர்களான அண்டர்வுட், அப்பென்செல்லர் ஆகியோர் கொரியத் துறைமுகத்தில் வந்திறங்கினர். விரைவில் அருட்பணியாளர்கள் தலைநகருக்குள் வீடும் பள்ளியும் அமைத்தனர். ஆக, ஏறத்தாழப் பத்தாண்டுக்காலம் அந்நாட்டுத் துறவிக்குத் திறவாத மதிற்கதவு அயல்நாட்டு அருட்பணியாளருக்குத் திறந்திருந்தது. நம் வரலாற்று நூல்கள் இதைப் பெரிதாகக் கூறுவதில்லை, பௌத்தர்கள் மறந்ததுமில்லை.

2015-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சீர்திருத்தச் சபையார் 19.7 விழுக்காடும், பௌத்தர் 15.5 விழுக்காடும், கத்தோலிக்கர் 7.9 விழுக்காடும் இருந்தனர். மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எச்சமயத்தையும் சாராதவர் என்று பதிவு செய்துகொண்டனர். சீர்திருத்தச் சபையார் எண்ணிக்கையில் பௌத்தரை விஞ்சிய முதற் கணக்கெடுப்பு இதுவே. பின்னால் கூறப்போகும் நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள இவ்வெண்களை மனத்தில் இருத்தல் வேண்டும்.

2. வாயில் முதல் வழிபாட்டுக் கூடம் வரை

மடத்தின் முதல் வாயிலுக்கு மெய்ம்மை வாயில் என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பொருள்கள் நம் விருப்பு வெறுப்பின் சாயலின்றி உள்ளவாறே இருக்கும் நிலையையே மகாயானப் பௌத்தம் மெய்ம்மை என்கிறது. வாயிலைக் கடப்போர் நின்று, கைகூப்பித் தலைதாழ்த்திச் செல்கின்றனர். அலுவலகத்திலிருந்து நண்பகல் உணவு வேளையில் வரும் இளைஞரும் அவ்வாறே செய்கின்றனர்.

உள்ளே நான்கு ஒலிக்கருவிகளைக் கண்டோம். முரசு நிலத்து உயிர்களுக்காகவும், மரத்தாற் செய்த மீன் நீர்வாழ் உயிர்களுக்காகவும், மேக வடிவிலான உலோகத் தகடு பறவைகளுக்காகவும், பெருமணி நரகத்தில் வருந்தும் உயிர்களுக்காகவும் ஒலிக்கப்படுகின்றன. வைகறை வழிபாடும் மாலை வழிபாடும் இவற்றின் ஒலியோடுதான் தொடங்கும். மனிதன் தன் மீட்பை மட்டும் நாடி வழிபடத் தொடங்கலாகாது என்பது இவ்வழக்கத்தின் கருத்து. படைப்பு முழுவதும் ஏகமாய்த் தவிக்கிறது என்று ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைப் போதிக்கும் நாம், நம் ஆராதனை முறைமையில் பறவைக்கும் மீனுக்கும் எத்தனை வரிகள் ஒதுக்கியுள்ளோம் என்று எண்ணிப் பார்த்தோம்.

பெருங்கூடத்தின் நடுவாயில் துறவிகளுக்கு உரியது. மற்றவர்கள் பக்கவாயில் வழியே செல்ல வேண்டும். இதனை அறியாது நடுவாயிலை நோக்கி நடந்த நம்மை, அங்கே தொண்டு செய்யும் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் கையைக் காட்டிப் பக்கவாயிலுக்கு அழைத்துச் சென்றார். காலணிகளைக் கழற்றி வைக்கும் மரத்தட்டையும் அவரே காட்டினார். நாம் எந்நாட்டினர், என்ன பணி செய்கிறோம் என்று நம்முடன் வந்த நண்பர் வழியாகக் கேட்டார். கிறிஸ்தவப் போதகர் என்றதும் அவர் முகம் ஒரு கணம் இறுகியது. பின்னர் உட்காருவதற்கு ஒரு மெத்தையைக் கொண்டுவந்து நம்முன் இட்டுச் சென்றார். அம்முகம் இறுகியதன் காரணத்தை நாம் அறிந்திருந்தபடியால் வெட்கமுற்றோம்.

கூடத்தினுள் சாக்கியமுனி புத்தர் நடுவிலும், அமிதாப புத்தரும் மருத்துவ புத்தரும் இருமருங்கிலும் வீற்றிருக்கின்றனர். கீழே பெண்கள் பலர் எழுவதும் மண்டியிட்டு நெற்றி நிலம்பட வணங்குவதுமாக இருந்தனர். நூற்றெட்டு முறை இவ்வாறு வணங்குவது வழக்கம். கொரியாவில் நவம்பர் மாதம் நடைபெறும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஒருவரின் வாழ்வையே முடிவு செய்துவிடும் என்று மக்கள் கருதுகின்றனர். அதற்கு முந்திய நூறு நாளும் தாய்மார்கள் இங்கே வந்து வேண்டுகின்றனர். இதே நூறு நாளில் கொரியத் திருச்சபைகள் பலவற்றிலும் தேர்வெழுதும் பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் கூடி ஜெபிக்கின்றனர் என்பதையும் கூற வேண்டும். அத்தாய்மாரின் முதுகுகளைப் பார்த்தபோது, தேர்வு நாள்களில் நம் சபைகளில் முழங்காற்படியிடும் பெண்களே நம் நினைவுக்கு வந்தனர்.

இங்கே மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. பௌத்தத்தில் கடவுளும் இல்லை, வேண்டுதலும் இல்லை என்று பாடநூல்களில் படிக்கிறோம். அது பௌத்தத்தின் ஒரு மரபைப் பற்றிய சுருக்கமே. தாம் விடுதலை பெறும் தகுதி அடைந்தும், துன்புறும் உயிர்களின் பொருட்டு அதனைத் தள்ளிவைக்கும் போதிசத்துவரை நோக்கி வேண்டுவது மகாயான மக்களின் அன்றாடச் சமயமாகும். அவருள் கருணையின் வடிவான அவலோகிதேசுவரரைக் கொரியர் குவானும் என்பர். இதே கொரியப் பௌத்தத்தில், கோடையிலும் குளிர்காலத்திலும் மும்மாதம் வெளிச்செல்லாது, ஒரே கேள்வியை மனத்தில் ஏந்தித் தியானத்தில் அமரும் துறவிகளும் உள்ளனர். விடை காண்பதற்காக அன்று, கேட்பவனையே அறிவதற்காகக் கேட்கப்படும் கேள்வி அது. வேண்டுதலும் தியானமும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. ஒரு சமயத்தை நூலில் மட்டும் கற்பவர் இவ்விரண்டில் ஒன்றைத் தவறவிடுவர்.

வைகறை வேளையைப் பற்றியும் ஒரு குறிப்பு. கொரியத் திருச்சபையின் தனிச் சிறப்பென்று உலகெங்கும் போற்றப்படும் அதிகாலை ஜெபக்கூட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பியோங்யாங் நகரில் கில் சொன்ஜு என்பவரால் பரவியது. 1907-இல் குருப்பட்டம் பெற்ற முதல் ஏழு கொரியப் பிரெஸ்பிட்டேரியப் போதகர்களுள் அவரும் ஒருவர். கிறிஸ்தவராகுமுன் தாவோ நெறியில் ஆழ்ந்த பயிற்சி பெற்றவர். விடியுமுன் எழுந்து வழிபடும் பழக்கம் அந்நாட்டு மண்ணில் முன்னரே வேரூன்றியிருந்தது; திருச்சபை அதற்குப் புதிய பொருள் தந்தது.

3. ஏடுகளின் கூடம்

1939-இல் ஏற்பட்ட தீவிபத்தில் மடத்தின் பெரும்பாலான கட்டடங்கள் அழிந்தன. தப்பியவற்றுள் முதன்மையானது 1856-இல் எழுப்பப்பட்ட அச்சுப்பலகைக் கூடம். அவதம்சக சூத்திரமும் அதன் விரிவுரையும் செதுக்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகள் இங்கே காக்கப்படுகின்றன. கூடத்தின் பெயர்ப்பலகையை எழுதியவர் புகழ்பெற்ற அறிஞர் கிம் ஜொங்ஹுயி. எழுபத்தொரு வயதில் நோயுற்றிருந்த நிலையில், இறப்பதற்கு மூன்று நாள் முன்னர் அவர் அதை எழுதினார் என்பர். நாடு போற்றிய அந்த எழுத்துக்கலைஞரின் கடைசி எழுத்து, எழுதப் பழகும் சிறுவனின் எழுத்தைப் போல் அலங்காரமின்றி இருக்கிறது.

இந்தச் சூத்திரத்தின் இறுதிப் பகுதியில் தமிழராகிய நமக்கு ஓர் உறவு உண்டு. சுதனன் என்னும் இளைஞன் மெய்யறிவைத் தேடி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசான்களிடம் செல்கிறான். துறவியர் மட்டுமன்றி, வணிகர், அரசர், மாலுமி, பெண்டிர், சிறுவர் எனப் பலரும் அவனுக்கு ஆசான்கள். தொடக்கத்திலேயே அவன் சந்திக்கும் ஓர் ஆசான் திராவிட நாட்டு வச்சிரபுரத்தில் வாழும் மேகன் என்னும் இலக்கண அறிஞன். தென்னாட்டு இலக்கண ஆசானின் பெயர் தாங்கிய நூலைக் கொரிய மக்கள் மரத்திற் செதுக்கிப் பல தலைமுறையாய்க் காத்து வருகின்றனர். தன் சமயத்தார் அல்லாதாரிடமும் கற்கச் செல்லும் பணிவே அந்த இளைஞனின் பயணம் என்று அக்கூடத்தின்முன் நின்று எண்ணினோம்.

மடத்தை நாம் இலட்சியப்படுத்தவில்லை. துறவிகளுக்கும் சொத்து உண்டு. சொத்துள்ள இடத்தில் பூசலும் உண்டு. 1970-இல் மடத்தின் பரந்த நிலங்களில் பெரும்பகுதி விற்கப்பட்டது. அவ்வாறு கைமாறிய நிலத்தின் ஒரு பகுதியை 2014-இல் ஹூண்டாய் நிறுவனத்தார் 10 லட்சத்து 55 ஆயிரம் கோடி வான் கொடுத்து வாங்கினர். பழைய விற்பனை முறையானதா என்ற வழக்கு அதனால் மீண்டும் எழுந்தது. 2010-இல் ஜோக்யே தலைமைச் சபை மடத்தைத் தன் நேரடி நிர்வாகத்தில் கொண்டுவந்தபோதும் பெருஞ்சர்ச்சை மூண்டது. ஆயினும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், மடத்தின் தலைவராயிருந்த மியொங்ஜின் என்னும் துறவி, வரவு செலவுக் கணக்கை மக்கள் அறிய வெளியிட்டார். ஆயிரம் நாள் மடத்திலேயே தங்கி, நாளொன்றுக்கு ஆயிரம் முறை வீழ்ந்து வணங்கும் நோன்பையும் மேற்கொண்டார். சபைக் கணக்கைப் பற்றி எழும் வழக்குகளை அறிந்த நமக்கு இச்செய்தியின் எடை விளங்கும்.

4. மிதித்தல் என்னும் ஜெபம்

2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கிறிஸ்தவ இளைஞர் சிலர் இம்மடத்தினுள் எடுத்த ஒளிப்படக்காட்சி ஒன்று மக்களிடையே பரவிற்று. அவர்கள் மடத்து வளாகத்தில் நின்று கைகளை உயர்த்தி, அந்நிலம் ஆண்டவருக்கே உரியதாக வேண்டுமென்றும், அங்கே நடக்கும் வழிபாடு ஒழிய வேண்டுமென்றும் ஜெபித்தனர். இதனைக் கொரியர் நிலம் மிதித்தல் என்பர். ஓர் இடத்தைக் காலால் மிதித்துச் சுற்றிவந்து ஜெபித்தால் அது விசுவாசிகளுக்குச் சொந்தமாகும் என்பது இதன் அடிப்படை.

பௌத்தர் மட்டுமன்றிக் கிறிஸ்தவர் பலரும் மனம் வருந்தினர். சம்பந்தப்பட்ட இளைஞரும் அவர்களுக்குப் பொறுப்பான போதகரும் மடத்திற்கே சென்று மன்னிப்புக் கேட்டனர். மடத்தின் தலைவர் அவர்களை ஏற்றுக்கொண்டார்.

இது தனித்து நிகழ்ந்த பிழையன்று. 1992-இல் மெத்தடிஸ்ட் இறையியற் கல்லூரியின் தலைவராயிருந்த பியொன் சொன்ஹ்வான், பௌத்தத்தோடு உரையாடி எழுதிய கருத்துகளுக்காகத் தம் சபையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்பதில்லை. ஆயினும் உரையாடலுக்குத் திருச்சபை தந்த மறுமொழி நீக்கமாக இருந்தது. 2015-இல் மடத்தின் அருகே திறக்கப்பட்ட நிலத்தடி இரயில் நிலையத்திற்குப் பொங்உன்சா என்று பெயரிட்டபோது கிறிஸ்தவ அமைப்புகள் சில எதிர்த்தன. 2016-இல் கிம்சொன் நகரத்துப் பௌத்தக் கோவில் ஒன்றில் ஒருவர் புகுந்து புத்தர் சிலைகளை உடைத்தார். கிறிஸ்தவர் என்ற முறையில் அதற்காக மன்னிப்புக் கேட்டு, சீரமைக்க நன்கொடை திரட்டிய இறையியற் பேராசிரியர் ஒருவர் 2017-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்நீக்கம் செல்லாதென்று நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. உடைத்ததை ஒட்டிவைக்க முயன்றவருக்குத் திருச்சபையில் அல்ல, நீதிமன்றத்திலேயே நியாயம் கிடைத்தது என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி.

5. திருமறையின் ஒளியில்

நிலம் மிதிப்போர் தம் செயலுக்கு யோசுவாவின் ஆகமத்தையே ஆதாரமாகக் காட்டுகின்றனர். காலடி மிதிக்கும் இடமெல்லாம் தரப்படும் என்ற வாக்கு முதலாம் அதிகாரத்தில் உள்ளது; எரிகோவின் மதிலைச் சுற்றிவந்த வரலாறு ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே ஐந்தாம் அதிகாரம் உண்டு. எரிகோவின் அருகே யோசுவா, உருவின பட்டயத்தோடு நிற்கும் ஒருவரைக் காண்கிறான்; எங்கள் பக்கமா, பகைவர் பக்கமா என்று வினவுகிறான். இரண்டும் அல்ல என்பதே விடை. அடுத்து அவனுக்கு இடப்படும் கட்டளை மதிலைப் பற்றியதன்று. அவன் தன் காலிலிருக்கும் பாதரட்சையைக் கழற்ற வேண்டும் என்பதே (யோசுவா 5:13-15). கடவுள் தன் பக்கத்தார் என்று எண்ணிய கால் முதலில் கழற்றவே கற்கிறது. மிதித்தலைப் பற்றிய வசனத்தை எடுத்துக்கொண்டு, கழற்றுதலைப் பற்றிய வசனத்தை விட்டுவிடுவது திருமறையைப் பகுத்துப் போதிக்கும் முறையாகாது. மேலும், குறித்த காலத்தில் குறித்த மக்களுக்கு அளிக்கப்பட்ட நில வாக்குறுதியைத் திருச்சபைக்கு நேராகப் பொருத்துவதற்குப் புதிய ஏற்பாட்டில் இடமில்லை. தங்களை ஏற்காத சமாரியக் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கவேண்டுமென்று கேட்ட சீடரை ஆண்டவர் அதட்டினார் (லூக்கா 9:51-56).

அத்தேனே பட்டணத்தில் பவுலின் ஆவி வைராக்கியமடைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பேசுமுன் சுற்றித்திரிந்து, அவர்கள் வழிபடுபவற்றைக் கவனித்துப் பார்த்தார் (அப். 17:16, 23). எபேசுவில் கலகம் மூண்டபோது அந்நகரத்துச் சம்பிரதியானவன் அளித்த சான்றோ நம் ஆராய்ச்சிக்கு இன்னும் முக்கியமானது. பவுலின் தோழர்கள் கோவிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்லர், தேவியை இகழ்ந்தவர்களும் அல்லர் என்று அவன் சாட்சி கூறினான் (அப். 19:37). இது சபையார் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்ட சான்றன்று. பிறசமயத்தான் ஒருவன் அளித்தது. எபேசுவில் நற்செய்தி வல்லமையாய்ப் பரவியதையும், வழிபாட்டுத்தலம் இழிவு செய்யப்படாததையும் லூக்கா ஒரே அதிகாரத்தில் எழுதி வைத்துள்ளார். சியோலிலோ, தமிழகத்திலோ, நம்மைப் பற்றி அவ்வூர்ச் சம்பிரதியானவன் இச்சான்றை அளிப்பானா என்பதே கேள்வி.

வணக்கத்தைப் பற்றிய ஐயமும் எழும். பெருங்கூடத்தில் நாம் நிலத்தில் வீழ்ந்து வணங்கவில்லை. அவ்வணக்கம் மும்மணிகளைச் சரணடைவதன் அடையாளமாதலால் நம் ஞானஸ்நானப் பொருத்தனை அதற்கு இடந்தராது. ஓரத்தில் அந்த அம்மையார் இட்ட மெத்தையில் அமைதியாக அமர்ந்திருந்தோம். எவரும் நம்மை வற்புறுத்தவில்லை. அதே வேளையில், ரிம்மோன் கோவிலில் தன் ஆண்டவனுக்குக் கைகொடுத்துக் குனியவேண்டிய நாகமானை எலிசா கடிந்துகொள்ளாமல் சமாதானத்தோடே அனுப்பினான் (2 இராஜாக்கள் 5:18-19) என்பதையும் மறத்தலாகாது. கலப்புக் குடும்பங்களில் வாழும் நம் சபை மக்களுள் நாகமானின் நிலையில் இருப்போர் பலர். அவர்கள் நம்மிடம் வருவது தீர்ப்புக்காக அன்று, வழிகாட்டுதலுக்காகவே.

6. ஊழியர்க்குச் சில முடிவுகள்

முதலாவது, அழைப்புடனோ அனுமதியுடனோ செல்க. கிறிஸ்தவர் என்பதை மறைக்காது செல்க. வேவுகாரரைப் போல் நுழைவது அன்புக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, செல்லுமுன் படித்துச் செல்க, சென்றபின் கேட்டறிக. எந்த வாயில் யாருக்கு உரியது என்பதுகூட அறியாமல் சென்ற நம் பிழையை மாணவர் செய்யவேண்டாம்.

மூன்றாவது, அங்கே வழிபடுவோரைப் படமெடுப்பதையும், அவர்கள் காதில் விழ எதிர்த்து ஜெபிப்பதையும் தவிர்க்க. அவர்களுக்காக ஜெபிக்க விரும்பினால், அவர்கள் எந்தப் பிள்ளைக்காக வேண்டுகிறார்களோ அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

நான்காவது, நற்செய்தியை அறிவிக்கும் கடமை இதனால் குன்றுவதில்லை. பார்த்து, கேட்டு, மதிப்பைப் பெற்றவன் பேசும் சொல்லே செவியில் ஏறும்.

ஐந்தாவது, நம் நாட்டில் நாம் சிறுபான்மையோர். நம் ஆலயத்தினுள் சிலர் புகுந்து, இந்த நிலம் எங்களுடையதாகட்டும் என்று முழங்கினால் நம் மூப்பரும் பெண்களும் என்ன பாடுபடுவர் என்பதை நாம் அறிவோம். மனுஷர் நமக்கு எதைச் செய்ய விரும்புகிறோமோ அதையே நாம் அவர்களுக்குச் செய்யவேண்டும் என்ற ஆண்டவரின் கட்டளை (மத்தேயு 7:12), எண்ணிக்கையில் நாம் சிறியவராயிருக்கும் இடத்தில் மட்டுமன்றி, பெரியவராயிருக்கும் இடத்திலும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. கொரியத் திருச்சபையின் இடறல் இவ்விரண்டாவது இடத்தில்தான் நிகழ்ந்தது.

நாம் புறப்பட்டபோது அந்த அம்மையார் வாயிலருகே நம் காலணிகளை எடுத்து, அணிவதற்கு வசதியாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். சீடரின் கால்களைக் கழுவிய ஆண்டவரின் ஊழியர்களாகிய நமக்கு அப்பணியை ஒரு பௌத்தத் தாயார் செய்தார். அவருக்கு நாம் சொல்லத்தக்க நன்றி எது என்பதை இதழின் வாசகர்களும் நம்மோடு சேர்ந்து சிந்திப்பார்களாக.